எழுபதுக்கு மேல் நீள நடை: மைதானமா, ஊர்த் தெருவா, குன்றக்குடி ரோடா?

அறுபத்தைந்து, எழுபது வயதில் புதிதாக நடக்கத் தொடங்குகிறவர்கள் காரைக்குடிப் பக்கம் இப்போது நிறையப் பேர். சென்னையிலும் மலேசியாவிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்று, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து குடிவந்தவர்கள் ஒரு பகுதி. இங்கேயே இருந்து, டாக்டர் கண்டித்துச் சொன்ன பிறகு கிளம்பியவர்கள் ஒரு பகுதி. அரைமணி நேர நடை பழகியதும் இவர்களில் சிலருக்கு ஆசை கூடுகிறது. எட்டு, பத்து கிலோமீட்டர் நடந்து பார்க்கலாமே என்று தோன்றுகிறது. அந்த நடையை எங்கே வைத்துக்கொள்வது என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் எழுபதைத் தாண்டியவன். இங்கே சொல்லும் வழிகளில் எல்லாம் நடந்து பார்த்தவன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர்த் தெருக்கள்தான். மற்ற வழிகளுக்கும் அதனதன் இடம் உண்டு.

உடம்பு நலத்துக்கு இவ்வளவு நடக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு போதும். அறுபத்தைந்துக்கு மேல் உள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருப்பதற்கும் தசை வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தினம் பத்தாயிரம் அடி என்று எல்லோரும் சொல்லும் கணக்கு, 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியோடு பரவியது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2019ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் போனால் அந்தப் பலன் பெரிதாகக் கூடவில்லை. 7,500 அடி என்பது நம் வயதில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

ஆக, அதற்கு மேல் நடப்பது ஆசைக்காக. ஊரைப் பார்க்க, நாலு பேரைப் பார்க்க, இன்னும் நம்மால் முடிகிறது என்று தெரிந்துகொள்ள. ஆசைக்காக நடக்கும்போது இடம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காத இடத்தில் இரண்டு மணி நேரம் யாரும் நடக்க மாட்டார்கள்.

மைதானத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காரைக்குடி கல்லூரிகள் நிறைந்த ஊர். காலையில் மைதானத்தையோ வளாகச் சாலையையோ சுற்றுகிற கூட்டம் எப்போதும் உண்டு. தரை சமம், வண்டி இடிக்காது, மயங்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும். முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நம் வேகம் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது என்று இங்கேதான் சரியாகத் தெரியும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகத்துக்கு அடையாளம். ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் வயதானவர்களுக்கு வகுத்த முறை ஒன்றையும் இங்கே பழகலாம். மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து முறை, வாரத்தில் நான்கு நாள். கால் தசைக்கு நல்ல வலு தரும் முறை. ஆனால் 400 மீட்டர் சுற்று என்றால் பத்து கிலோமீட்டருக்கு 25 முறை சுற்ற வேண்டும். ஐந்தாவது சுற்றிலேயே அலுப்பு வந்துவிடும். வாசல் பக்கத்திலேயே இருப்பதால் எந்தச் சுற்றிலும் நிறுத்திவிட்டுப் போய்விடலாம், பெரும்பாலும் போயும் விடுகிறோம். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புவது இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஆகாது. பாதியில் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடப்பது இன்னொரு வழி. அடிக்கடி திரும்புவதால் நிலைதடுமாறாமல் இருக்கப் பழக்கும். தெருவில் மழைத் தண்ணீர் தேங்கும் நாளுக்கும் ஏற்றது. எட்டு வடக்கு தெற்காக இருந்தால்தான் பலன் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு வேண்டாம். வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய வளவிலோ பட்டாலைக் கூடத்திலோ நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுவழுப்பானது, ஈரம் பட்டால் வழுக்கும். துடைத்த தரை காயும் வரை காத்திருங்கள், வெறும் சாக்ஸோடு நடக்காதீர்கள். டிரெட்மில் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கைப்பிடியை விடாமல் நடப்பவருக்குச் சரி.

இனி தெரு. நகரத்தார் ஊர்களின் அமைப்பே நடப்பவர்களுக்குச் சாதகமானது. தெருக்கள் நேராக ஓடி, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொள்கின்றன. பல வீடுகள் இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கின்றன. அதனால் வழி தப்ப வாய்ப்பு குறைவு. களைத்தால் இரண்டு திருப்பத்தில் வீட்டுப் பக்கம் திரும்பிவிடலாம். உயர்ந்த சுவர்கள் நிழலும் தருகின்றன. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குச் சிறகை, அதாவது கிழக்குப் பக்க வீட்டு வரிசையை, ஒட்டி நடந்தால் வெயில் ஏறும்வரை தலையில் சூடு படாது. ஊருக்கு ஊர் ஊருணி என்னும் குளம் இருப்பதால் அவற்றையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். இந்த ஊருணிப் படியிலிருந்து அந்த ஊருணிப் படிவரை என்று நடந்தால் தூரம் தானாகக் கூடும்.

காரைக்குடிக்குள்ளேயே கல்லுக்கட்டி, கொப்புடைய நாயகி அம்மன் கோயில், செக்காலை ரோடு, முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், ஆயிரம் ஜன்னல் வீடு, கம்பன் மணிமண்டபம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு நாள் நடைக்கான வழியை நீங்களே வகுக்கலாம். சா. கணேசன் 1939ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. விழா நாட்களில் பேச்சுக் கேட்க நடந்தே போகிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024ல் மாநகராட்சி ஆன பிறகும் காலை ஏழு மணிக்கு உள்தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் திண்ணை. நீள நடைக்கு வயதானவர்களுக்கு வேண்டியது உட்கார இடம்தான். கால் கிலோமீட்டருக்கு ஓர் இடத்தில் உட்கார முடியும் என்று தெரிந்தால், ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஆள் தைரியமாக எட்டு நடப்பார். அப்புறம் மனிதர்கள். "என்ன ஆச்சி, தனியாவா வர்றீக? உக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிடும் குரல் மைதானத்தில் கிடைக்காது. வழியில் பத்துப் பேருக்கு நம்மைத் தெரிந்திருந்தால், வழக்கமான நேரத்துக்கு வரவில்லை என்றால் அவர்களில் ஒருவராவது விசாரிப்பார். தனியாக வாழ்கிற பெரியவர்கள் மிகுந்த இந்த ஊர்களில் இது பெரிய பாதுகாப்பு. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில் இருக்கும் ஓர் ஆச்சிக்கு, வாசலில் வைத்து விசாரிக்கிற நாலு பேர்தான் அன்றைய நாளின் பேச்சுத் துணை.

குறைகளும் உண்டு. நாய்கள் முதல் குறை. கையில் தடி வைத்திருங்கள். அடிப்பதற்கு இல்லை, நமக்கும் நாய்க்கும் நடுவே ஓர் இடைவெளிக்கு. சத்தம் இல்லாத மின்சார ஸ்கூட்டர் இரண்டாவது. காது மந்தமானவர்கள் தெருவைக் கடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். சாக்கடை மூடிய பலகைக் கற்கள் சில இடத்தில் ஆடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீருக்குள் பள்ளம் தெரியாது, அந்த நாட்களில் மாடியில் எட்டே போதும்.

இவற்றைவிடப் பெரிய இடைஞ்சல் கழிப்பறை. யாரும் வெளியே சொல்வதில்லை. பிராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களும், பல பெண்களும் நீள நடையைக் கைவிடுவதற்கு இதுதான் காரணம். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புவது ஆபத்து. வயதாக ஆகத் தாகம் தெரிவதே குறைந்துவிடும்; இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். கோயில், பஸ் ஸ்டாண்ட், தெரிந்த வீடு என்று முக்கால் மணிக்கு ஓர் இடமாவது வருகிற மாதிரி வழியை வகுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு நெடுஞ்சாலையைவிடத் தெரு மேல்.

தெரு என்றால் பக்கத்தில் இருக்கும் கானாடுகாத்தான் ஊரையும் சேர்த்துக் கேட்கிறார்கள். அழகில் காரைக்குடியால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. 1912ல் கட்டி முடித்த செட்டிநாட்டு அரண்மனை, அகன்ற தெருக்கள், வண்டிகளின் தொந்தரவு இல்லாத அமைதி. பஸ்ஸில் போய் இறங்கி நடப்பதற்கு அருமையான ஊர். ஆனால் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன, திண்ணைக்கு முன்னால் கம்பிக் கதவு வேறு. டீக்கடைகள் குறைவு, கூப்பிட ஆளும் குறைவு. அங்கே துணையோடு நடங்கள். தனியாக நடப்பதற்குக் காரைக்குடியே நல்லது. பள்ளத்தூரும் கோட்டையூரும் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

மூன்றாவது வழி ரோடு. காரைக்குடியிலிருந்து, மலைமேல் முருகன் கோயில் இருக்கும் குன்றக்குடி ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் பிள்ளையார்பட்டி. கோயிலுக்கு என்று கிளம்பும்போது மனதில் வருகிற உறுதி வேறு எதிலும் வராது, அதை நான் மதிக்கிறேன். ஒருவழி நடந்துவிட்டு பஸ்ஸில் திரும்பலாம் என்பதும் வசதி. ஆனால் லாரிகளும் பஸ்களும் உரசிப் போகிற ரோட்டில், நடைபாதை இல்லாத ஓரத்தில், இரண்டு மணி நேரம் கவனம் சிதறாமல் நடப்பது நம் வயதில் கடினம். போனால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி போங்கள். விடியும் முன் என்றால் வெளிர்நிறச் சட்டையும் டார்ச்சும் வேண்டும். கார்த்திகை, சஷ்டி நாட்களில் கூட்டத்தோடு போவது தனியாகப் போவதைவிடப் பாதுகாப்பு. குன்றக்குடிப் படியில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் அதிகம். பத்து கிலோமீட்டர் நடந்த காலோடு உடனே மலை ஏற வேண்டாம். அடிவாரத்தில் நன்றாக உட்கார்ந்த பிறகு ஏறுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால், கோயில் பிரகாரத்தின் கல் சுடுவது தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். பத்து மணிக்கு முன்னால் தரிசனத்தை முடித்துவிடுங்கள். ரோட்டில் வெறுங்காலோடு நடக்கும் வேண்டுதலைச் செருப்போடு நிறைவேற்றினால் முருகன் கோபிக்க மாட்டான். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் சட்டைப்பையில் கொஞ்சம் வெல்லமோ மிட்டாயோ வைத்திருங்கள். நடக்கும்போது கெண்டைக்காலில் வலி வந்து, நின்றதும் போய்விடுகிறது என்றால் அதை வயசு வலி என்று விட்டுவிடாதீர்கள். கால் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். ஷூ வாங்குவது மாலையில் இருக்கட்டும், பாதம் அப்போதுதான் வீங்கியிருக்கும்.

கடைசியாக, தைப்பூசப் பழனி நடை. குன்றக்குடியில் காவடியோடு கிளம்பி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குப் போய், நடந்தே திரும்பும் நகரத்தார் பாதயாத்திரை நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஒருவழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். எழுபதைத் தாண்டியவர்கள் அதில் போவதைப் பார்த்து, நாமும் இந்த வருஷம் போகலாம் என்று தை மாதத்தில் முடிவெடுப்பவர்கள் உண்டு. அதில் போகும் பெரியவர்களில் பெரும்பாலோர் இளவயது முதல் வருஷம் தவறாமல் நடந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. காந்தி 1930ல் 60 வயதில் தண்டிக்கு நடந்தார். 24 நாளில் ஏறத்தாழ 385 கிலோமீட்டர், சராசரியாக நாளுக்குப் பதினாறு. திங்கட்கிழமைகளில் ஓய்வு எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க நடந்து பழகியவருக்கே அந்த ஓய்வு வேண்டியிருந்தது. ஆடியில் மைதானத்தில் தொடங்கி, புரட்டாசியில் தெருவுக்கு வந்து, மார்கழியில் அடுத்தடுத்த இரண்டு நாள் எட்டு கிலோமீட்டர் நடந்தும் கால் வலிக்காதவர்கள் மட்டும் தைப்பூசத்தைப் பற்றி யோசிக்கட்டும்.

முதல் வருஷம் முழுத் தூரம் வேண்டாம். குன்றக்குடியில் காவடிகளோடு கிளம்பி, முடிந்தவரை நடந்து, வெயில் ஏறும்முன் வழியில் பஸ் ஏறித் திரும்பிவிடுங்கள். வீட்டில் யார் எத்தனை மணிக்குக் கூப்பிடுவது என்று முன்பே பேசிக்கொண்டு, சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் பிள்ளைகளின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள். பெண்களுக்கு 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. அதனால் ஆச்சிமார் தெரு நடையிலும் எங்கே களைத்தாலும் பக்கத்து ஸ்டாப்பில் ஏறிவிடலாம்.