ஒளித்துக் கட்டிய ஆண்டெனாக்கள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பின்

வெளியே எந்தக் கம்பியும் தெரியக்கூடாது என்று விதி வைத்திருக்கும் குடியிருப்பில் ஹாம் வானொலியை (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக நடத்தும் வானொலியை) இயக்குபவருக்குப் பெரிய தேர்வுகள் கிடையாது. வேலியோரமாக ஓடும் எண்ட்-ஃபெட் அரை அலைக் கம்பி (அலைநீளத்தில் பாதி நீளம், ஒரு முனையில் மட்டும் சிக்னல் ஊட்டப்படுவது), கூரைக்கு உட்புறப் பரணில் கட்டிய டைபோல் (நடுவில் ஊட்டப்படும் இருகைக் கம்பி), பால்கனியில் வைத்த காந்த வளையம் (சிறிய உலோக வளைய ஆண்டெனா) ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாக மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். மூன்றும் வேலை செய்கின்றன. விளம்பரங்கள் சொல்லாமல் விடும் சங்கதி வேறு: கண்ணிலிருந்து மறைக்க மறைக்க ஆண்டெனா ஆட்களுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் இருக்கும் கம்பியை யாரும் தொட முடியாது. வேலியோரக் கம்பியைப் பந்து தேடி வரும் சிறுவன் பிடித்து இழுக்கலாம். அது ஆண்டெனா என்றே அவனுக்குத் தெரியாது.

நான் அதிகம் பயன்படுத்தியது எண்ட்-ஃபெட்தான். 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது அலைநீளம் 40 மீட்டர் அளவில் இருக்கும் அலைவரிசைகளுக்கு, சுமார் 20 மீட்டர் நீளம். சாம்பல் நிற உறை போட்ட மெல்லிய கம்பி என்பதால் பத்தடி தள்ளி நின்றால் பார்வைக்குத் தப்பிவிடும். ஊட்டும் முனையில் கேபிளையும் கம்பியையும் பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. அங்கே மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை) 2,450 ஓம் அளவில் இருப்பதால், 100 வாட் அனுப்பினால் ஏறத்தாழ 500 வோல்ட் நிற்கும். உச்ச மதிப்பு 700 வோல்ட். மறுமுனையிலும் மின்னழுத்தம் இப்படித்தான் உயர்ந்திருக்கும். 10 வாட்டுக்கு இறங்கினாலும் 150 வோல்ட்டுக்குமேல் மிஞ்சுகிறது, ஏனென்றால் மின்னழுத்தம் திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே குறையும். கம்பியின் உறையை நம்பியும் பயனில்லை. ரேடியோ அதிர்வெண் உறையைத் தாண்டி விரலுக்கு வரும். தோலில் சிறு புள்ளியாகத் தெரியும் தீப்புண் உள்ளே ஆழமாக இருக்கும். ஆகவே இரண்டு முனைகளும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். முடிந்தால் 3 மீட்டருக்குமேல்.

மெல்லிய கம்பி ஒருநாள் அறுந்தே தீரும். கட்டும்போதே அறுந்தால் எங்கே போய் விழும் என்று பார்த்துவிட வேண்டும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் மின்கம்பிகளுக்கு 3 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது. இதில் பேரம் கிடையாது. அந்த இடைவெளி கிடைக்காத வீட்டில் வெளிக்கம்பியே வேண்டாம்.

இந்த எண்ட்-ஃபெட் வகையில், வானொலியையும் ஆண்டெனாவையும் இணைக்கும் கோஆக்சியல் கேபிளின் வெளி உலோக உறையும் சேர்ந்து கதிர்வீசும். மேசையில் மைக்கைத் தொட்டால் சுருக்கென்பது, அடுத்த வீட்டு ஒலிபெருக்கியில் உங்கள் குரல் வருவது எல்லாம் இதனால்தான். டிரான்ஸ்ஃபார்மரின் தரை முனையில் 2 மீட்டர் எதிர்க்கம்பி (மின்னோட்டம் திரும்ப வழி தரும் கம்பி) ஒன்றைக் கட்டி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் 31 வகை ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு தொல்லை அடங்கியது. எல்.ஈ.டி விளக்குகளிலிருந்து கேபிள் வழியாக ஏறிவந்த இரைச்சலும் கூடவே குறைந்தது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் பொருள் இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை என்பேன்.

பரண் டைபோலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழை, காற்று, அண்டைவீட்டார் பார்வை எதுவும் அதைத் தொடாது. ஆனால் வீட்டு மின்வயர்கள் பக்கத்திலேயே ஓடுவதால் இரைச்சல் மிகுதி. கூரையில் அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு இருந்தால் முயற்சியே வீண். முனைகளை நேராக மரச்சட்டத்தில் கட்டாமல் இன்சுலேட்டர் போடுங்கள். கீழே படுக்கையறை இருந்தால் வாட்டை எண்ணிப் போடுங்கள்.

காந்த வளையம் பார்க்க அழகு, பழகக் கடினம். 1 மீட்டர் விட்டமே போதும், ஆனால் 100 வாட்டில் அதன் மின்தேக்கியில் சில ஆயிரம் வோல்ட் ஏறும். வளையத்தைச் சுற்றிக் காந்தப்புலமும் வலுவாக இருக்கும். அலைவரிசையைச் சற்று நகர்த்தினாலே மறுபடி டியூன் செய்ய வேண்டியிருப்பதால், கையை அருகே கொண்டுபோகச் சபலம் வரும். மோட்டார் வைத்துத் தூரத்திலிருந்து மின்தேக்கியைத் திருப்பும் வகையை மட்டுமே வாங்கலாம். நான் இதில் 10 வாட்டைத் தாண்டுவதில்லை. அனுப்பும்போது பால்கனியில் யாரும் இருக்கக்கூடாது.

குறைந்த வாட் என்றதும் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் குறைந்த வாட்டிலும் வேலை நடக்கும்: 2017இல் வந்த, கணினி வழியாகச் சிறு செய்திகளை அனுப்பும் எஃப்டி8 முறை, காதுக்கே எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும். ஆனால் அதற்கு இன்னொரு பக்கம் உண்டு. 15 விநாடிச் சுற்றில் 12.64 விநாடி முழுத்திறனில் அனுப்புகிறது. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று என்றாலும் சராசரி 40 சதவீதத்தைத் தாண்டும், எஸ்.எஸ்.பி என்ற குரல் முறையில் பேசும் பேச்சுக்கு வழக்கமாகக் கணக்கிடுவது 20 சதவீதம். எனவே ஆட்கள்மேல் படும் ரேடியோ கதிர்வீச்சுக்கான வரம்புக் கணக்கைப் பேச்சுக்குப் போட்டுவிட்டு எஃப்டி8க்கும் அதையே வைத்துக்கொள்ளக்கூடாது. கணக்கில் முக்கியமானது அண்டைவீட்டாரின் சுவர் வரையிலான தூரம், உங்கள் நாற்காலி வரையிலான தூரம் அல்ல. விஷயம் தெரிந்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாமல் அந்தப் பக்கம் தூங்குபவருக்கும் வரம்புகளே வேறு.

மின்னலுக்கு உங்கள் ஒளிவுமறைவு பொருட்டல்ல. இடி கேட்பதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவேன். ஆண்டெனாவுக்கென்று தனியாக அடித்த தரைக்கம்பியை வீட்டு மின்தரையோடு (எர்த்) இணைக்காமல் விடுவது, தரைக்கம்பியே இல்லாததைவிட மோசமாக முடியலாம்.

இப்போது வெளியே இருப்பது எண்ட்-ஃபெட் மட்டும். சுவரை ஒட்டிய வீட்டாரிடம் அதைப் பற்றிச் சொல்லி, எங்கே ஓடுகிறது என்றும் காட்டிவிட்டேன். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தொலைக்காட்சி கெடுமா? இதுவரை கெடவில்லை. வளையம் பயணங்களுக்கு மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது. பரண் டைபோலில் இப்போது நான் கேட்க மட்டும் செய்கிறேன்.