கூண்டுக்கு உள்ளேயா, வெளியேயா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடியற்காலை ஓடும் எம்எம்ஏ (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்து கூண்டுக்குள் நடக்கும் சண்டை) வீரர், முப்பதைத் தாண்டியதும் யோசிப்பது இதைத்தான்: தொடர்ந்து மோதுவதா, பயிற்சியாளர் ஆவதா?

மோதுவது என்றால் 5 நிமிடச் சுற்றுகள் மூன்று, பட்டத்துக்கு ஐந்து. அதைக்கூடச் சமாளிக்கலாம். எடைக் குறைப்புதான் கொடுமை. 61.2 கிலோ வரையிலான பேண்டம்வெயிட் எடைப் பிரிவில் நிற்க, தண்ணீரைக்கூட மடக்கு எண்ணிக் குடிக்க வேண்டும். அடிபட்டால் வருமானமும் படுத்துவிடும்.

பயிற்சியாளருக்கு மாதாமாதம் ஃபீஸ் வரும்; பையன்களின் குத்தைத் தாங்க பேட் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை வலிக்கும், சரி. சுற்றுக்கு நடுவே கிடைப்பது ஒரே நிமிடம். அதற்குள் வியர்வை துடைத்து, ஐஸ் வைத்து, இரண்டே வார்த்தையில் சொல்லி முடிக்கணும். சிலம்பம் ஆடி வந்த பையனுக்குக் காலடி தானாக வரும். மல்லாக்க விழுந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் புதுப் பாடம்.

என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். காது ஏற்கெனவே அடிபட்டு வீங்கிக் காலிஃபிளவர் ஆகிவிட்டது, இனி அதை வைத்தாவது சம்பாதிக்கலாமே.