செயற்கைக்கோள் இணையம்: 36,000 கி.மீ. உயரமா, 550 கி.மீ. உயரமா?

கேபிளோ மொபைல் டவரோ எட்டாத இடத்தில் இணையம் வேண்டுமென்றால் செயற்கைக்கோளைத்தான் நம்ப வேண்டும். விசாரிக்கப் போனால் முதலில் காட்டப்படுவது ‘வேகம் 100 எம்பிபிஎஸ்’ என்ற எண். இரண்டு சேவைகள் இதே எண்ணைச் சொல்லலாம். ஒன்றில் வீடியோ அழைப்பு பக்கத்து அறையில் இருப்பவரோடு பேசுவதுபோல் இருக்கும். மற்றதில் ஒருவர் பேச்சுக்கு நடுவே இன்னொருவர் புகுந்து, இருவரும் நிறுத்தி, இருவரும் மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். அந்த எண்ணில் இல்லாத ஒரு விவரம்தான் இதைத் தீர்மானிக்கிறது: செயற்கைக்கோள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. லேட்டன்சி, ஜிட்டர், ஹேண்டோவர் என்று மிரட்டும் சொற்களில் பாதி அந்த உயரத்திலிருந்து பிறந்தவை.

ஒரு சின்ன விஷயத்தை முடித்துவிட்டு உள்ளே போகலாம். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற பிட் கணக்கு. கோப்பின் அளவை நாம் பார்ப்பது பைட்டில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு இறங்குவது அதிகபட்சம் 12.5 மெகாபைட். உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டு பாதைகள்

பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பூமியை ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமியும் தன்னைத்தானே சுற்ற அதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிற்கும். இதைப் புவிநிலைப் பாதை, சுருக்கமாக ஜியோ (GEO) என்பார்கள். 1964-இல் ஏவப்பட்ட சின்காம் 3 இந்தப் பாதையில் நின்ற முதல் செயற்கைக்கோள். அந்த ஆண்டின் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகள் அதன் வழியாகப் பசிபிக்கைத் தாண்டின.

தாழ் பாதை, அதாவது லியோ (LEO), சில நூறு கி.மீ. முதல் 2,000 கி.மீ. வரை. ஸ்டார்லிங்க் என்ற இணைய சேவை பெரும்பாலும் 550 கி.மீ. அளவில் இயங்குகிறது; ஒன்வெப் என்ற இன்னொரு சேவை 1,200 கி.மீ. உயரத்தில். 550 கி.மீ. உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் மணிக்கு சுமார் 27,000 கி.மீ. வேகத்தில் ஓடி, ஏறக்குறைய 95 நிமிடத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். உங்கள் தலைக்கு மேல் அது இருப்பது சில நிமிடங்கள்தான். ஆகவே ஒன்று போனதும் அடுத்தது வந்து நிற்க வேண்டும். ஜியோவில் மூன்றை வைத்தாலே துருவப் பகுதி தவிர்த்துக் கிட்டத்தட்ட முழு உலகத்தையும் பார்த்துவிடலாம். லியோவில் அதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் தேவைப்படுகிறது.

தாமதம்: தீர்ப்பு இங்கேதான்

லேட்டன்சி என்றால் நீங்கள் அனுப்பிய ஒரு பாக்கெட், அதாவது தரவின் ஒரு சிறு துண்டு, போய், பதில் திரும்பி வர ஆகும் நேரம். நொடிக்கு எவ்வளவு தரவு போகலாம் என்ற பேண்ட்வித் குழாயின் அகலம் என்றால், லேட்டன்சி அந்தக் குழாயின் நீளம். ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடுவதால்தான் இத்தனை குழப்பம்.

ஒளி நொடிக்கு 2,99,792 கி.மீ. போகும். ரேடியோ அலையும் அப்படியே. ஜியோவுக்கு ஏறி இறங்க 71,572 கி.மீ.; அதற்கே 239 மில்லி விநாடி. பதிலும் அதே வழியில் வர வேண்டும் என்பதால் மொத்தம் 477. இதற்குக் கீழே எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. மோடம், செயற்கைக்கோளைத் தரையில் உள்ள இணையத்தோடு இணைக்கும் தரைநிலையம், அதற்கு அப்பால் உள்ள சர்வர் எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் 600 மில்லி விநாடியைத் தொடும். 550 கி.மீ. உயரத்தில் இதே கணக்கைப் போட்டால் 8 மில்லி விநாடிகூட வராது. வரிசையில் காத்திருப்பதும் தரையில் ஓடுவதும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 25 முதல் 60-க்குள் முடிந்துவிடும்.

குரல் அழைப்பில் ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. ஜியோவில் வானத்துக்குப் போய் வருவதே அதைத் தாண்டிவிடுகிறது.

பேசாமல் இணையதளம் மட்டும் பார்ப்பவருக்கும் இது வலிக்கும். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது முகவரி தேடுவது, இணைப்பை ஏற்படுத்துவது, பாதுகாப்புச் சாவியைப் பரிமாறுவது, பிறகு பக்கத்தைக் கேட்பது என்று வழக்கமாக நான்கு போக்குவரத்து நடக்கிறது. ஜியோவில் 4 × 600, அதாவது 2.4 விநாடி, முதல் எழுத்து வருமுன்பே கரைந்துவிடும். 40 மில்லி விநாடி உள்ள லியோ இணைப்பில் அது 0.16 விநாடி.

இன்னொரு கணக்கு என்னை முதல் தடவை பார்த்தபோது அசர வைத்தது. டிசிபி என்ற நெறிமுறை, தரவை அனுப்பிவிட்டு ‘வந்து சேர்ந்தது’ என்ற ஒப்புகைக்காகக் காத்திருக்கும். பழைய டிசிபியில் ஒப்புகை வராமல் அனுப்பக்கூடியது அதிகபட்சம் 65,535 பைட். 600 மில்லி விநாடிக்கு ஒருமுறை அவ்வளவுதான் என்றால், குழாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஓர் இணைப்பில் 0.9 எம்பிபிஎஸ்கூட வராது! இந்த வரம்பைப் பெரிதாக்கும் வழி பின்னால் வந்தது. ஜியோ சேவைகள் தரைநிலையத்தில் ஒரு இடைத்தரகரை வைத்து, சர்வருக்குப் பொய் ஒப்புகை கொடுத்து வேகப்படுத்துகின்றன. ஆனால் தரவை மறைகுறியாக்கி அனுப்பும் விபிஎன் போட்டுவிட்டால் அந்த இடைத்தரகருக்கு உள்ளே இருப்பது தெரியாது. தந்திரம் வேலை செய்யாது. அலுவலக வேலைக்காக விபிஎன் வழியே உள்ளே போகிறவர்கள் ஜியோ இணைப்பு திடீரென ஊர்வதைப் பார்த்து டிஷ்ஷைக் குறை சொல்வார்கள். டிஷ் பாவம்.

ஜியோ ஜெயிக்கும் இடங்கள்

படம் பார்ப்பது, பெரிய கோப்பு இறக்குவது போன்றவற்றுக்கு லேட்டன்சி பெரிய பொருட்டில்லை. முன்கூட்டியே கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதால் அரை விநாடி பிந்தினால் யாருக்கும் தெரியாது. தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பொறுத்தவரை போட்டியே கிடையாது. ஒரு சிக்னலைக் கோடிக்கணக்கான டிஷ்கள் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம். கேட்பவர் கூடினாலும் செயற்கைக்கோளின் சுமை கூடாது.

ஜிட்டரிலும் ஜியோ அமைதியானது. ஜிட்டர் என்றால் தாமதம் ஒரே அளவாக இல்லாமல் ஏறி இறங்குவது. ஜியோவில் 600 என்றால் ஏறக்குறைய 600-ஆகவே இருக்கும். லியோவில் ஒரு செயற்கைக்கோளிலிருந்து அடுத்ததற்கு மாறும் ஹேண்டோவர் ஓயாமல் நடக்கிறது. ஸ்டார்லிங்க் எந்த டிஷ்ஷுக்கு எந்தச் செயற்கைக்கோள் என்று 15 விநாடிக்கு ஒருமுறை மறுபடி ஒதுக்குகிறது. அந்த நொடியில் தாமதம் சட்டென்று குதிப்பதை, தாமதத்தை அளக்கும் பிங் சோதனையை ஓடவிட்டுப் பார்த்தால் தெரியும். அப்படியிருந்தும் குதிக்கும் 50, அசையாத 600-ஐவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் மரம். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஜியோ டிஷ் வானில் ஒரே ஒரு புள்ளியைப் பார்க்கிறது. அந்தத் திசையில் மரமோ கட்டடமோ இருந்தால் இணைப்பே இல்லை. அந்தத் திசை மட்டும் திறந்திருந்தால் சுற்றிலும் தோப்பு இருந்தாலும் கவலையில்லை. லியோ ஆன்டெனா வானத்தின் பெரும் பகுதியைப் பார்த்தாக வேண்டும். ஓரத்தில் ஒரு கிளை நீட்டிக்கொண்டிருந்தால் இணைப்பு இருக்கும், ஆனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை சில விநாடி அறுந்து அறுந்து வரும். திறந்த வானம் கிடைக்காத இடத்தில் லியோவைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. ஓடும் செயற்கைக்கோளைத் துரத்த அந்த ஆன்டெனா ஃபேஸ்டு அரே என்ற நுட்பத்தைக் கொண்டு, தான் அசையாமல் கற்றையை மின்னணு முறையில் திருப்புகிறது. அதற்கு 50 முதல் 100 வாட் வரை மின்சாரம் போகும். சூரிய மின்தகட்டை நம்பி இருப்பவர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உயரத்தின் மேல் பழி போடக்கூடாத ஒன்று மழை. மழைத்துளி சிக்னலை உறிஞ்சுவது அலைவரிசையைப் பொறுத்தது. 4 முதல் 8 கிகாஹெர்ட்ஸ் வரையிலான சி பேண்ட் மழைக்கு அவ்வளவாக அஞ்சாது, 12-18 கிகாஹெர்ட்ஸ் கேயு பேண்ட் கொஞ்சம் திணறும், 26.5-40 கிகாஹெர்ட்ஸ் கேஏ பேண்ட் இன்னும் அதிகமாக. லியோவானாலும் ஜியோவானாலும் அடைமழையில் இரண்டுக்கும் தும்மல் வரும். ஜியோவுக்கு மட்டுமே உள்ள தொல்லை வேறு. இரவும் பகலும் சமமாகும் நாள்களை ஒட்டி, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும்போது தினமும் சில நிமிடம் சிக்னல் சத்தத்தில் மூழ்கிவிடும்.

துருவத்துக்கு அருகில், கடல் நடுவில்

81 டிகிரி அட்சரேகைக்கு அப்பால் ஜியோ செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். அங்கே பெரும்பாலும் துருவங்களைக் கடந்து சுற்றும் லியோதான் கைகொடுக்கும். செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனமான இரிடியம் 1998-இலேயே 66 செயற்கைக்கோள்களை சுமார் 780 கி.மீ. உயரத்தில் வைத்து இதைச் செய்தது. அடுத்த ஆண்டே அந்த நிறுவனம் திவாலானாலும், பிறகு கைமாறி இன்றும் ஓடுகிறது.

லியோ சேவையில் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி: செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று பேசுமா? பேசாவிட்டால், உங்களைப் பார்க்கும் அதே செயற்கைக்கோளுக்கு அதே நேரத்தில் ஒரு தரைநிலையமும் தெரிய வேண்டும். நடுக்கடலில் அது நடக்காது. லேசர் இணைப்பு இருந்தால் தரவு வானிலேயே கைமாறிக் கரைக்குப் போய் இறங்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2,00,000 கி.மீ.தான் போகும், வெற்றிடத்தில் அதைவிட ஒன்றரை மடங்கு வேகம். மிக நீண்ட தூரத்துக்கு லேசர் வழி ஃபைபரைக்கூட முந்த முடியும் என்பது இதனால்தான்.

நடுவில் ஒரு பாதையும் உண்டு. ஓ3பி செயற்கைக்கோள்கள் சுமார் 8,000 கி.மீ. உயரத்தில், தாமதம் 150 மில்லி விநாடி அளவில். கப்பல், தீவு, பெரிய நிறுவனம் ஆகியவற்றுக்கானது அது. தனி வீட்டுக்கு வருவதில்லை.

ஆயுளையும் குப்பையையும் பார்த்தால் எனக்கு லியோவின் மேல் உள்ள ஆசை கொஞ்சம் குறைகிறது. ஜியோ செயற்கைக்கோள் 15 ஆண்டு உழைத்துவிட்டு, சில நூறு கி.மீ. மேலே தள்ளப்பட்டு ஒதுங்கும். லியோவில் 5 ஆண்டுதான். அதன்பின் காற்றுமண்டலத்தில் எரிந்து போகும், அதன் இடத்தில் புதியது ஏவப்படும். 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 2251-உம் மோதி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறின. இன்று அதே உயரங்களில் நெரிசல் பல மடங்கு.

சரி, எதை எடுப்பது? ஃபைபர் கிடைத்தால் இந்த அலசலே தேவையில்லை, அதை எடுங்கள். கிடைக்காதவர், வீடியோ அழைப்பும் விபிஎன் வேலையும் விளையாட்டும் உள்ளவர், திறந்த வானம் இருந்தால் தயங்காமல் லியோவுக்குப் போகலாம். தொலைக்காட்சி, மாலையில் படம், எப்போதாவது மின்னஞ்சல் என்று இருப்பவருக்கும், மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு இடைவெளி வழியாக வானம் தெரிபவருக்கும் ஜியோ போதும். கையெழுத்துப் போடுமுன் விற்பவரிடம் எம்பிபிஎஸ் கேட்டது போதும். மாலை 8 மணிக்கு பிங் எவ்வளவு வருகிறது என்று ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.