ஐரிஷ் ஸ்டாட்யூட் புக்: அடிபடும் மனைவிக்குச் சட்டம் என்ன தந்தது என்று படிக்க ஓர் இடம்

டப்ளினில் குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும் பெண்களுக்குத் துணையாகப் போய்ப் படிவம் நிரப்ப உதவுகிறேன். நான் வக்கீல் இல்லை. அதனால் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று என் கண்ணால் படித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அதற்கு அயர்லாந்தின் சட்டங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஐரிஷ் ஸ்டாட்யூட் புக் இணையதளத்தைத்தான் நம்பியிருக்கிறேன். அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நடத்துவது. காசும் வேண்டாம், பதிவும் வேண்டாம். 1922 முதல் வந்த சட்டங்கள் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த அடுக்குதான் இதன் பெரிய பலம். 1976-க்குப் போய் 11-ஆம் எண் சட்டத்தைத் திறந்து பாருங்கள். பெயரளவில் அது ஜீவனாம்சச் சட்டம். ஆனால் 22-ஆம் பிரிவில் முதல்முறையாக பாரிங் ஆர்டர் வருகிறது. மனைவியின் அல்லது பிள்ளைகளின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ தேவை என்று நீதிமன்றம் கருதினால், கணவனை வீட்டை விட்டு வெளியேற்றலாம். விவாகரத்துக்கே அரசியலமைப்பு தடை போட்டிருந்த நாட்டில், அடிபட்டவள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை, அடித்தவன் வெளியே போகட்டும் என்று சட்டம் சொன்ன முதல் இடம் இது. ஆனால் மாவட்ட நீதிமன்றம் கொடுத்த ஆணை மூன்றே மாதம்தான் செல்லும். அப்புறம்? மறுபடியும் படியேற வேண்டும்.

1981 சட்டம் அதைப் பன்னிரண்டு மாதமாக்கியது. விசாரணை வரும்வரை காக்கும் ப்ரொடெக்‌ஷன் ஆர்டரையும் சேர்த்தது. 1996-இல் மூன்று ஆண்டானது. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் படித்தால், இருபது ஆண்டுகள் பெண்கள் எத்தனை முறை நீதிமன்ற வாசலில் நின்றிருப்பார்கள் என்று மனம் பதைக்கிறது.

1990-இன் 32-ஆம் எண் சட்டம், 5-ஆம் பிரிவையும் விட்டுவிடாதீர்கள். மனைவியை வன்புணர்ந்த கணவன் குற்றவாளி ஆக முடியாது என்ற விதி ஒழிக்கப்படுகிறது என்கிறது, ஒரே வாக்கியத்தில். அவ்வளவு காலம் அந்த விதி உயிரோடு இருந்திருக்கிறது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. தளத்தில் சட்டம் இருக்கிறது. அதற்காகப் போராடியவர்கள் இல்லை. கார்க் நகரின் ஜோசி ஏய்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். வன்முறைக் கணவனைச் சட்டப்படி பிரிந்து வாழ நீதிமன்றத்தின் ஆணை கேட்டவர். உயர் நீதிமன்றம் போக வக்கீலுக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லை. நீங்களே வாதாடலாமே என்றது அரசு. 1972 முதல் 1978 வரையிலான ஏழு ஆண்டுகளில் இப்படிப் பிரிந்து வாழ ஆணை கேட்டு வந்த 255 வழக்குகளில் ஒன்றில்கூட வக்கீல் இல்லாமல் யாரும் போகவில்லை என்று கணக்குக் காட்டி, 1979-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பின்னாளில் அதிபரான மேரி ராபின்சன் அவருக்காக வாதாடினார். 1980-இல் சட்ட உதவித் திட்டம் தொடங்கியது. ஆனால் அது சட்டமாக இயற்றப்படவில்லை, அதனால் அந்த ஆண்டின் சட்டப் பட்டியலில் தேடினால் கிடைக்காது; 1995-இல்தான் சட்டமானது. தீர்ப்பை அந்த நீதிமன்றத்தின் ஹூடாக் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

இன்னொன்று முக்கியம். இங்கே இருப்பது ஒவ்வொரு சட்டமும் இயற்றப்பட்டபோது இருந்த வாசகம். 1996 சட்டத்தைத் திறந்தால் அது இன்றைக்கும் செல்லும் என்பதுபோலவே படிக்கும். ஆனால் 2018 சட்டம் அதை நீக்கிவிட்டது. வரலாறு பார்க்க இது வசதி, அவசரத்தில் இருப்பவளுக்கு ஆபத்து. தற்போதைய வாசகத்துக்குச் சட்டச் சீர்திருத்த ஆணையத்தின் திருத்தப்பட்ட பதிப்புகளுக்குப் போய்விடுங்கள்.

ஐந்துக்கு நான்கு தருவேன். 2018-இன் 6-ஆம் எண் சட்டத்தில் 39-ஆம் பிரிவை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். கை ஓங்காமலே, பயமுறுத்தியும் கட்டுப்படுத்தியும் மனைவியின் அன்றாடத்தை முடக்குவதும் குற்றம் என்கிறது அது; 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. “அவர் அடிக்கல அக்கா, ஆனா…” என்று யாராவது தொடங்கினால் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.