மூவாயிரம் ரூபாய்க்குள் கேமிங் மவுஸ்: மலைக் குளிரிலும் ஈரத்திலும் எது தாங்கும்?

குன்னூரில் இருக்கும் அக்கா மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். "மாமா, வேலரண்ட் விளையாட ஒரு நல்ல மவுஸ் வேணும், மூவாயிரத்துக்குள்ள எதுன்னு சொல்லுங்க" என்று கேட்டான். அவனே நான்கு மவுஸ்களைப் பார்த்து வைத்திருந்தான். லாஜிடெக் ஜி102, அதன் வயர்லெஸ் அண்ணன் ஜி304, ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல், ரேசர் கோப்ரா. இதில் எதற்கு டிபிஐ அதிகமோ அதுதான் சிறந்தது என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்கில்தான் பலருக்கும் காசு வீணாகிறது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை போகிறது என்பதுதான். ஜி102-ல் அதிகபட்சம் 8000, ஜி304-ல் 12000, டெத்ஆடர் எசென்ஷியலில் 6400, கோப்ராவில் 8500. சுடும் ஆட்டங்களை நன்றாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது 400, 800, மிஞ்சினால் 1600. வேலரண்டில் 800 டிபிஐயும் விளையாட்டுக்குள் சென்சிடிவிட்டி 0.4-ம் வைத்தால், ஆட்டத்தில் நம் ஆள் ஒரு முழுச் சுற்று திரும்ப மவுஸை சுமார் 41 சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். பாதிச் சுற்றுக்கு 20. இந்த அளவில்தான் கை நிதானமாகக் குறி வைக்கும். இதே 0.4-ஐ அப்படியே வைத்துக்கொண்டு டிபிஐயை மட்டும் 8000 ஆக்கினால் 4 சென்டிமீட்டரில் முழுச் சுற்றும் முடிந்துவிடும், தும்மினாலே எதிரி திரையை விட்டுப் போய்விடுவான். ஆக நான்கில் எதை எடுத்தாலும் டிபிஐ தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆயிரத்துக்கும் குறைவான விலையில், பெட்டி மேல் பெரிய எண் போட்டு வரும் மவுஸ்களில் அந்த எண் பல நேரம், அசைவை அளக்கும் சென்சாரின் சொந்தத் திறன் கிடையாது, மென்பொருள் பெருக்கிக் காட்டுவது. அதை நம்பி வாங்க வேண்டாம். மவுஸ் கம்ப்யூட்டருக்குத் தகவல் அனுப்பும் வேகமான போலிங் ரேட்டும் நான்கிலும் ஒன்றுதான், 1000 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு மில்லி விநாடிக்கு ஒரு தகவல். சாதாரண ஆபீஸ் மவுஸில் இது பெரும்பாலும் 125 ஹெர்ட்ஸ், 8 மில்லி விநாடிக்கு ஒரு தகவல்.

சரி, சென்சார் கதை அவ்வளவுதான். உண்மையில் பார்க்க வேண்டியது கை, எடை, கிளிக் பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச். எங்கள் பக்கம் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெத்ஆடர் எசென்ஷியல் பெரிய மவுஸ், 127 மில்லிமீட்டர் நீளம், 96 கிராம். உள்ளங்கை முழுக்க அதன் மேல் சாய்ந்து உட்காரும், நீளமான கை உள்ளவர்களுக்கு மணிக்கணக்கில் பிடித்தாலும் வலிக்காது. சொகுசு என்று பார்த்தால் நான்கில் இதுதான் முதலிடம், நானே ஒரு வருடம் சந்தோஷமாக வைத்திருந்தேன். ஆனால் வலது கைக்கு மட்டும் வளைத்துச் செய்த உடம்பு. அக்கா வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், பையன் விளையாடி எழுந்த பிறகு அக்கா அதில்தான் பச்சைத் தேயிலை எடைக் கணக்கு போடுவார், அவருக்கு இடது கைப் பழக்கம். அந்த ஒரு காரணத்துக்காகவே இதை வேண்டாம் என்றேன். பையனின் கையும் சின்னது.

ஜி102-ம் ஜி304-ம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒன்று, 116.6 மில்லிமீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சமமான வடிவம், பக்கப் பட்டன்கள் மட்டும் இடது புறம் இருக்கும், அதனால் இடது கைக்காரர்கள் அந்த இரண்டை மறந்துவிட்டுத் தாராளமாகப் பிடிக்கலாம். வித்தியாசம் வயரிலும் எடையிலும். ஜி102 85 கிராம். ஜி304 உள்ளே ஒரு பென்சில் செல்லோடு 99 கிராம், அந்த எடையும் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடுகிறவனுக்கு அரை மணி நேரத்தில் மணிக்கட்டில் இது தெரியும். சாதாரண ஆல்கலைன் செல்லுக்குப் பதில் லித்தியம் செல் போட்டால் ஏழெட்டு கிராம் குறையும். லித்தியத்தில் இன்னொரு லாபமும் உண்டு. தை மாதம் ஊட்டியில் புல் மேல் உறைபனி படிகிற நாட்களில் ஆல்கலைன் செல் சோர்ந்துபோகும், லித்தியம் செல் குளிரை நன்றாகத் தாங்கும். செல் 250 மணி நேரம் வரும் என்கிறது நிறுவனம், தினம் இரண்டு மணி நேரம் என்றால் நான்கு மாதம்.

வயர்லெஸ் என்றால் தாமதம் இருக்கும் என்ற பயம் ஜி304-க்குத் தேவையில்லை, தனி ரிசீவர் வழியாக அதே ஒரு மில்லி விநாடிதான். புளூடூத் மவுஸோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வயர் மவுஸில் எனக்குள்ள குறை வேறு: காலைக் குளிரில் பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் விறைத்துப்போய் மவுஸைப் பக்கவாட்டில் தள்ளும். ஜி102-ன் கேபிளும் அப்படிப்பட்ட உறைதான். மேஜை விளிம்புக்கு மேல் கொஞ்சம் தூக்கி ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

அடுத்தது ஸ்விட்ச். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுச் சுவரே வியர்க்கும். அப்படி இரண்டு மழைக்காலம் பார்த்த என் பழைய மவுஸ் ஒன்றில், ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை அமுக்கியதாக விழ ஆரம்பித்தது, பைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவும். சாதாரண ஸ்விட்ச் உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு இன்னொரு உலோகப் புள்ளியைத் தொட வேண்டும், தகடு தளர்ந்தாலோ புள்ளியில் ஆக்சைடு படிந்தாலோ தொடர்பு விட்டு விட்டு வரும், அது இரட்டைக் கிளிக்காகத் தெரியும். ஜி102, ஜி304, டெத்ஆடர் எசென்ஷியல் மூன்றிலும் இந்த வகை ஸ்விட்ச்தான்.

கோப்ராவில் அது இல்லை. 2023-ல் வந்த மவுஸ், 58 கிராம்தான், முக்கியமான இரண்டு கிளிக்கும் ஆப்டிகல் ஸ்விட்ச். உள்ளே அகச்சிவப்பு ஒளிக்கற்றை ஒன்று இருக்கிறது, பட்டனை அமுக்கும்போது அந்த ஒளியை வைத்துத்தான் கிளிக் பதிவாகிறது, உலோகம் உலோகத்தைத் தொட்டு மின்சாரம் பாயும் வேலையே கிடையாது. அதனால் மேலே சொன்ன இரட்டைக் கிளிக்குக்கு இடமில்லை. கேபிளும் துணி சுற்றிய மெல்லிய கேபிள், குளிரில் அவ்வளவாக விறைக்காது. வடிவமும் இரண்டு பக்கமும் சமம். எனக்கு இதில் குறையாகத் தெரிவது விலை மட்டும்தான், ஜி102-ஐவிடக் கூடுதல், தள்ளுபடி நாள் பார்த்து வாங்க வேண்டும். கிளிக் சத்தமும் கொஞ்சம் கூர்மை, ராத்திரி பக்கத்தில் யாராவது தூங்கினால் யோசியுங்கள்.

மலையில் இருப்பவன் ஸ்விட்சுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் பழுதானால் கூரியரில் கீழே அனுப்பி, மாற்று வரும்வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்தால் அது இன்னும் தள்ளிப்போகும். பட்ஜெட் இரண்டாயிரத்தைத் தாண்டாது என்றால் யோசிக்காமல் ஜி102. கல்லூரி விடுதிக்கு லேப்டாப்போடு தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு ஜி304.

பையனுக்குக் கோப்ரா சொல்லிவிட்டு, மிச்சக் காசில் 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துணி மவுஸ் பேட் வாங்கச் சொன்னேன். துணி பேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பனிமூட்ட நாளில் மவுஸ் அதன் மேல் கனமாக நகரும், நேற்றுப் பட்ட குறி இன்றைக்குப் படாது. விளையாட உட்காரும் முன் பேட்டைச் சமையலறையில் அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு பத்து நிமிடம் தொங்கவிடு என்று சொல்லியிருக்கிறேன், அக்கா சம்மதித்துவிட்டார்.