ராயபுரம் உருவக வகுப்பு: நைலான் நூல் பேசுகிறது, தொடர்தான் பேசவில்லை

ராயபுரத்தில் ஒரு மாடி அறையில், இரண்டு ஞாயிறு, நாளுக்கு நான்கு மணி நேரம். சினிமாவிலும் சீரியலிலும் உருவகம் எப்படிப் பொருள் தருகிறது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தோண்டுகிறார்கள். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓடும் வகுப்புகளுக்கு நடுவே இதுவே பெரிய ஆறுதல்.

முதல் நாளின் உயிர் ஓர் ஒப்பீடு. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘ஸ்ட்ரைக்’ (1925) படத்தில் தொழிலாளர்கள் கொல்லப்படும்போது இடையிடையே மாடு வெட்டப்படுவது வரும். அந்த மாடு கதையில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. ‘மெட்ராஸ்’ (2014) படத்தின் சுவரோ வியாசர்பாடிக் குடியிருப்பிலேயே நிற்கிறது. முதலில் அது கட்சி விளம்பரம் எழுதும் சுவர், அவ்வளவே. அதற்காக ஆட்கள் மோத மோத, அதிகாரம் என்ற பொருள் அதன்மேல் ஏறுகிறது. இதையொட்டித் தொல்காப்பியத்தின் உள்ளுறையை, அதாவது ஒன்றைக் காட்டி வேறொன்றைச் சொல்லாமல் உணர்த்தும் உவமையை, எடுத்தது மிகச் சரி: தெய்வம் நீங்கலாக, அந்த நிலத்துக்கே உரிய விலங்கு, மரம் போன்ற கருப்பொருளே அதற்குக் களம்.

இரண்டாம் நாள் பயிற்சி. செல்போனில் ஐந்து ஷாட், 90 நொடி, வசனம் கூடாது. உருவகமாக்கும் பொருள் காசிமேடு, ராயபுரம் தெருக்களில் கிடைப்பதாக இருக்க வேண்டும். மாதிரிக்குப் போட்ட படம் அருமை. பச்சை வலையின் கிழிசலை ஒரு கை நீல நைலான் நூலால் கட்டுகிறது. முடிச்சை இறுக்கி, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுக்கிறது. நான்காவது ஷாட்டில் அதே நீல நூல், பள்ளிக்கூடப் பையின் அறுந்த வாரில். வேலை செய்துகொண்டிருந்த நூல், இடம் மாறியதும் பேசுகிறது.

பலர் சறுக்குவது முதல் ஷாட்டிலேயே. நூலைக் காட்டும்போதே ஜூம் போய், வயலினையும் ஏற்றிவிடுகிறார்கள். ‘இது ஏதோ குறியீடு’ என்று பார்ப்பவர் உஷாராகிவிட்டால், நூல் நூலாக மனதில் தங்காது. திரும்ப வரும்போது தைக்காது. ஷாட் இரண்டு நொடியில் ஓடிவிட்டால் நிறமே பதியாது.

தொலைக்காட்சிப் பகுதி ஏமாற்றம். விளக்கு அணைவதையும் குங்குமம் கொட்டுவதையும் திட்டித் தீர்க்கிறார்கள். அடுப்படியில் நின்றபடி காதால் சீரியல் பார்ப்பவருக்குப் பழகிய அடையாளமும் பெரிய சத்தமும் தேவைப்படுகின்றன, அதைச் சொல்லியிருக்கலாம். நூற்றுக்கணக்கான எபிசோட் ஓடும் தொடரில், வீட்டுக் கூடத்து நாற்காலி ஒன்று யார் யார் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதாலேயே பொருள் சேர்த்துக்கொண்டு போகும். சினிமாவுக்கு இல்லாத இந்த வசதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜன்னலுக்குத் திரை கிடையாது. இருட்டுக் காட்சிகள் வெளிறிப்போகின்றன. முதல் இரண்டு வரிசையில் இடம் பிடியுங்கள்.