ஃபேமிலி லிங்க்: ஐந்தாம் வகுப்பில் போட்டோம், மகன் இப்போது ஏழாம் வகுப்பு

நாங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் இருக்கிறோம், வீட்டுக்காரர் சவுதியில். அப்பாவோடு வீடியோ காலில் பேசவும் ட்யூஷன் குரூப்பில் வரும் வீட்டுப்பாடத்தைப் பார்க்கவும்தான் மகனுக்குத் தனி போன் கொடுத்தோம், கொடுத்த அன்றே, பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பையும் போட்டுவிட்டோம். இன்றுவரை எடுக்கவில்லை. காசு கிடையாது, நம் போனிலிருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம்.

பலரும் இதைப் போடுவது நேரக் கட்டுப்பாட்டுக்காக. அது நன்றாகவே வேலை செய்கிறது. இரவு ஒன்பதுக்குப் பூட்டிக்கொள்ளும், பூட்டின பிறகும் வருகிற அழைப்பை எடுக்கலாம், மழைக்கு லீவு விட்ட நாளில் கூடுதல் நேரம் கொடுக்கலாம் (நம் மாவட்டத்துக்கு ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதனால் இது அடிக்கடி வேண்டியிருக்கிறது). ஆனால் என்னைக் கேட்டால் இதில் உருப்படியான விஷயம் வேறு. பிள்ளை எந்த ஆப்பை இறக்கப் போனாலும் நம் அனுமதி கேட்டு போனுக்கு அறிவிப்பு வரும் இல்லையா, அதுதான். விபிஎன் (தடுத்த தளங்களையும் சுற்றுவழியில் திறக்க உதவுகிற ஆப்), வேறு பிரவுசர், முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற ஆப் எல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். வேறு பிரவுசரை விடக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு: ஃபேமிலி லிங்க்கின் இணையதள வடிகட்டி குரோமில் மட்டும்தான் வேலை செய்யும்.

ஒன்று கவனியுங்கள். அம்மா அப்பா இரண்டு பேருமே ஃபேமிலி லிங்க்கின் குடும்பக் குழுவில் பெற்றோராக இருந்தால் அனுமதியும் இரண்டு பேருமே கொடுக்கலாம். நான் வேண்டாம் என்றதை அவன் அப்பாவிடம் கேட்பான், அவரும் தூரத்தில் இருக்கிற பிள்ளை ஆசையாகக் கேட்கிறானே என்று சரி சொல்லிவிடுவார். ஒரு கேம் அப்படித்தான் உள்ளே வந்தது. வயது வரம்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த எண் கேமில் வருகிற காட்சிகளுக்கு. உள்ளே யார் வந்து பேசுவார்கள் என்பதற்கு இல்லை. பிளே ஸ்டோரில் அந்த வயது எண்ணைத் தொட்டால் கீழே சின்ன எழுத்தில் ‘யூசர்ஸ் இன்டராக்ட்’ என்று இருக்கும். அப்படி இருந்தால் அதில் சாட் உண்டு, யாரும் வந்து பேசலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சாட்டில்தான் ஒருவர் மகனிடம் பேச ஆரம்பித்தார். நன்றாக விளையாடுகிறாய் என்று முதலில் பாராட்டு, அப்புறம் எந்த ஸ்கூல், வீட்டில் யார் யார், பிறகு டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கிற காசு மாதிரி) வாங்கித் தருகிறேன், வேறு ஆப்பில் வந்து ஒரு போட்டோ அனுப்பு. இதை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஏனென்றால் பிள்ளையின் சாட்டைப் படிக்கும் வசதி ஃபேமிலி லிங்க்கில் கிடையாது. அவனே வந்து சொன்னான். போன் கொடுத்த நாளிலிருந்தே “மக்கா, யார் என்ன கேட்டாலும் அம்மையிட்ட வந்து சொல்லு, அதுக்காக நான் போனைப் பிடுங்க மாட்டேன்” என்று சொல்லிவைத்திருந்தேன், அன்றைக்கும் பிடுங்கவில்லை. பிடுங்கியிருந்தால் அடுத்த தடவை சொல்லியிருப்பானா?

இப்படி நடந்தால் உடனே பிளாக் பண்ணத்தான் கை போகும். அதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அந்த ஆளின் ஐடி தெரிகிற மாதிரி. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது, நம் பெயரைச் சொல்லாமலும் அங்கே புகார் தரலாம். சைபர் கிரைம் உதவி எண் 1930, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பாலியல் எண்ணத்தோடு போன் வழியாகப் பிள்ளையைத் தொடர்ந்து தொல்லை செய்வதும் 2012 போக்சோ சட்டப்படி குற்றம்தான்.

யூடியூபுக்கு வருகிறேன். ஒன்பது வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல் என்று படிகள் வைத்திருக்கிறார்கள், மகனுக்கு முதல் படிதான். எந்த வடிகட்டியும் முழுமையானது இல்லை என்று கூகுளே சொல்கிறது. நம் பிள்ளைகள் தமிழோடு மலையாள வீடியோவும் பார்க்கிறவர்கள், அதனால் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். ஹெட்செட் போடாமல் நடு அறையில்தான் பார்க்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. பிடிக்காத சேனலை அங்கேயே தடுத்துவிடலாம்.

இன்னும் தீராத தலைவலி மற்றவர்களின் போன். மே மாத லீவில் குளச்சலில் மாமா வீட்டுக்குப் போனால் அங்கே அண்ணன்மார் போனில் எந்தப் பூட்டும் இல்லை. அதற்கு ஓரளவு உதவுவது டிஎன்எஸ், அதாவது நாம் தட்டுகிற தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய முகவரியைத் தேடித் தருகிற சேவை. வைஃபை ரௌட்டரில் டிஎன்எஸ் எண்ணை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால் அந்த வைஃபையில் இருக்கிற எல்லா போனிலும் ஆபாசத் தளங்கள் பெரும்பாலும் திறக்காது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் இலவசமாகக் கொண்டுவந்தது இது. இணைப்பு கொடுக்க வந்த பையனே சில நிமிடத்தில் போட்டுத் தந்தான், மாமா வீட்டிலும் சொல்லிப் போட வைத்தேன். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது உதவாது. அப்போது போனின் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பில் தனியாகப் போடவேண்டும்.

புதிதாகப் போடப் போகிறவர்களுக்கு: மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ பழைய போன் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் முழுதாக ரீசெட் பண்ணிவிட்டு, முதல் கணக்காகப் பிள்ளையின் கணக்கையே போடுங்கள். நம் கணக்கும் அதே போனில் கிடந்தால், அதற்கு மாறிக்கொண்டு எதை வேண்டுமானாலும் இறக்கலாம் என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு ரொம்ப நாள் ஆகாது.